திருகோணமலைப் பழைய மாணவர் சங்கம்: யூதப் பாடசாலைகளிடம் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கோட்டைவாசல் எழுதியது:

வணக்கம். திருகோணமலை நகரில் உள்ள ஓர் இந்துப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குப் புதிய நிர்வாகக்குழு தெரிவாகப் போகிறது. சங்க யாப்பை, அதாவது விதிகளை, திருத்த இதுதான் நேரம். ரொறன்ரோ, லண்டன், சிட்னி கிளைக்காரர் கூட்டத்துக்குக் கூட்டம் ஒன்றைச் சொல்கிறார்கள்: "யூத ஆட்களின் பாடசாலைகளைப் பாருங்கோ. படிச்சு முடிச்சு நாற்பது வருசமானாலும் ஆக்கள் விட்டுப் போறதில்லை. காசும் நிக்காமல் வருது." எப்படி என்று கேட்டால் விபரம் சொல்ல ஆளில்லை.

எங்கள் நிலைமை இது. அதிபர் காப்பாளர். ஊரில் ஒரு வங்கிக் கணக்கு. மூன்று கிளைகளும் தனித்தனியாகச் சேர்த்துத் தனித்தனியாகவே செலவழிக்கின்றன. பெயர்ப்பட்டியல் என்று இருப்பது மலர் ஒன்றுக்காகத் தொகுத்த ஓர் எக்செல் கோப்பு, அதில் பாதித் தொலைபேசி இலக்கங்கள் இப்போது இல்லை. ஐந்தாறு வருசத்துக்கு ஒருமுறை பெரிய விழா, ஒரு கட்டடம், ஒரு பெயர்க்கல், பிறகு சத்தமில்லை.

கேட்பவை: அந்தப் பாடசாலைகள் உண்மையில் என்ன செய்கின்றன? ஆட்களின் பட்டியலை எப்படித் திரும்பக் கட்டுவது? நிரந்தர நிதி ஒன்று வைத்தால் தாங்குமா? கிளைகளை எப்படி ஒரு வழிக்குக் கொண்டுவருவது? "ஒற்றுமை வேண்டும்" என்ற பதில் வேண்டாம், செய்முறை வேண்டும்.


வடக்குயோர்க் எழுதியது:

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். அதைத் தெரியாமல் எடுத்தால் பிழைக்கும்.

இங்கே ரொறன்ரோவில் யூதப் பாடசாலை என்றால் விடுதி இல்லாதது. பிள்ளை காலையில் போய் மாலையில் வரும். நாளின் ஒரு பகுதி கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். மற்றப் பகுதி எபிரேயம், வேதம், சமய சட்டம், வரலாறு. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு அரசு முழுப்பணம் கொடுக்கிறது, யூதப் பாடசாலைகளுக்கு இல்லை. அந்த வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணில்லை என்று கனடா உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. ஆகவே பெற்றோர் கட்டணம் கட்டவேண்டும், அதுவும் பெரிய கட்டணம். ரொறன்ரோவின் பெரிய யூத உயர்நிலைப்பாடசாலையில் வருடக் கட்டணம் 27,000 டொலரைத் தாண்டியிருந்தது. 2017 இல் பெருங்கொடை ஒன்றைக் கொண்டு அதை 18,500 ஆக இறக்கினார்கள். அதன்பின் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை ஏறியது.

அதாவது அங்கே பழைய மாணவரின் காசு போவது கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையை உள்ளே வைத்திருக்க. காசு வராத வருசம் யாரோ ஒரு பிள்ளை வெளியே போகும். கொடுப்பவருக்கு அது நேரே தெரியும். உங்கள் பாடசாலையில் கல்வி இலவசம், அந்த நெருக்குதல் இல்லை. "அவர்கள் தருகிறார்கள், நீங்களும் தாருங்கள்" என்று கேட்டால் எடுபடாததற்கு இதுதான் காரணம். உங்களிடம் வேறு இடைவெளிகள் இருக்கின்றன: உயர்தரக் கணித விஞ்ஞானப் பாடங்களுக்கு மேலதிக வகுப்பு, மூதூர் வெருகல் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் போக்குவரத்து, தங்குமிடம். அப்படி ஒன்றைப் பெயர் சொல்லி முன்வைத்தால்தான் காசுக்கு ஒரு முகம் வரும்.

இனி எடுக்கக்கூடியவை.

ஆண்டுப் பிரதிநிதி. இந்தப் பாடசாலைகளில் தொடர்பை வைத்திருப்பது நிர்வாகக்குழு அல்ல, ஒன்றாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்காரருக்கும் உள்ள ஓரிருவர். யாருக்குக் கலியாணம், யாருக்குப் பிள்ளை, யாருடைய தாய் தவறினார் என்பதை அறிந்து அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. அலுவலகம் அன்றோ மறுநாளோ ஒரு கடிதம் அனுப்பும், அதில் காசுப் பேச்சே இருக்காது. வருசத்தில் ஒருவருக்கு ஐந்து தடவை தகவல் போனால் அதில் ஒன்றுதான் நிதி பற்றியதாக இருக்கவேண்டும் என்பது நல்ல அளவு. எங்கள் சங்கங்களில் இது தலைகீழ். தொலைபேசி அடித்தாலே "என்ன, மண்டபத்துக்கோ?" என்று கேட்கும் நிலைக்கு ஆட்களைக் கொண்டுவந்து விட்டோம்.

நாட்காட்டி. வெள்ளி மாலை தொடங்கி சனி இருட்டும்வரை ஓய்வுநாள், கடைப்பிடிப்பவர்கள் வாகனம் ஓட்டமாட்டார்கள், தொலைபேசி தொடமாட்டார்கள். ஆகவே ஒன்றுகூடல் சனி இருட்டிய பிறகு அல்லது ஞாயிறு. யூனில் இங்கே பொழுது படவே ஒன்பதாகிவிடும், அதனால் கோடையில் ஞாயிறு காலைதான். சாப்பாடு சமயவிதிப்படி சமைப்பவரிடம் மட்டுமே எடுப்பார்கள், வீட்டில் அதைக் கடைப்பிடிக்காதவர்கள் வந்தாலும்கூட. மிகக் கட்டுப்பாடான ஒருவர் வந்து சாப்பிடக்கூடியதாக இருந்தால் எல்லோரும் வரலாம் என்பது கணக்கு. உங்களுக்கு இதை ரீச்சர் யாராவது ஊர் நிலைமைக்கு ஏற்றமாதிரிச் சொல்வார்கள்.

குடும்பம். முதலாம் வகுப்பில் பிள்ளைக்கு அதன் முதல் வழிபாட்டு நூலைக் கொடுக்கும் விழா ஒன்று வைப்பார்கள். பாட்டன் பாட்டி நாள் என்று இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வருகிற கூட்டத்தில் முந்திய தலைமுறைப் பழைய மாணவர் பலர் இருப்பார்கள். தனியாக "சங்கக் கூட்டம்" என்று கூப்பிட்டால் வராதவர் பேரப்பிள்ளைக்காக வருவார். வாசலில் ஒரு மேசை போட்டு, "நீங்கள் எந்த ஆண்டு?" என்று கேட்டு இலக்கம் வாங்குவது அங்கேதான் நடக்கும். உங்கள் பாடசாலையில் விஜயதசமி ஏடுதொடக்கல், வாணி விழா, இல்ல விளையாட்டுப்போட்டி எல்லாம் இருக்கின்றனவே. மேசை ஒன்றுதான் குறை.

உபயம். இதை நீங்கள் கட்டாயம் எடுக்கவேண்டும். யூதர்கள் இறந்த உறவினரின் ஆண்டு நினைவை எபிரேய நாட்காட்டிப்படி வைப்பார்கள். அந்த நாளின் படிப்பை அவர் பெயரில் ஒப்படைக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. குடும்பம் ஒரு தொகை கட்டும், காலையில் பெயர் வாசிக்கப்படும், அன்றைய செய்திமடலில் ஒரு வரி வரும். தொகை அநேகமாக 18 இன் மடங்கு: 18, 36, 180. எபிரேய எழுத்துக் கணக்கில் 18 உயிரைக் குறிக்கும். எங்கள் ஆட்கள் 101, 501, 1001 என்று கொடுப்பதுபோலத்தான். கோயில் திருவிழாவில் பத்து நாளுக்கும் பத்து உபயகாரர் இருக்கிறார்கள், பாடசாலை நாளுக்கு ஏன் இல்லை? முதல் வருசம் 40 நாள் போதும். ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் என்றால் 2 இலட்சம். நூலகப் பத்திரிகைகள், கடந்தகால வினாத்தாள் பிரதிகள், ஆய்வுகூடத்தில் தீர்ந்துபோகும் பொருட்கள் என்று ஒரு வருசச் சில்லறைச் செலவுக்கு அது பெரிய காசு.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. குடும்பம் தருவது திதி என்றால் திதியையே பதியுங்கள், ஆங்கிலத் தேதியை அல்ல. "தை, வளர்பிறைத் தசமி" என்று எழுதி, ஒவ்வொரு வருசத் தொடக்கத்திலும் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி போடவேண்டும். தேதியாக எழுதி வைத்தால் இரண்டாம் வருசமே நாள் மாறிப்போகும், குடும்பத்துக்கு மனம் நோகும், மூன்றாம் வருசம் தரமாட்டார்கள். விடுமுறையில் விழுந்தால் பாடசாலை திறக்கும் முதல் நாளுக்கு மாற்றுவது என்று யாப்பிலேயே போடுங்கள்.

அந்தப் பாடசாலைகளின் பெரிய பலவீனத்தையும் சொல்கிறேன். பெருங்கொடையாளர் சிலரில் முழுப்பாரமும் இருப்பது. ஒரு குடும்பம் வேறு காரியத்துக்குத் திரும்பினால் கட்டணம் ஏறும், பிள்ளைகள் குறையும். ஆகவே நூறு பேர் ஆயிரம் ரூபாய் தருவதை ஒருவர் ஒரு இலட்சம் தருவதைவிட மேலாக எண்ணுங்கள், தொகை ஒன்றாக இருந்தாலும்.


மடத்தடி ரீச்சர் எழுதியது:

தம்பி கோட்டைவாசல், பெயர்ப்பட்டியல் பற்றி நான் சொல்கிறேன்.

வட்ஸ்அப்பில் பெயர் கேட்டுத் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் ஆட்களின் பட்டியல்தான் திரும்ப வரும். பாடசாலைச் சேர்வு இடாப்பில் (பிள்ளைகள் சேரும்போது பெயர் பதியும் பதிவேடு) தொடங்குங்கள். அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுத்து, இடாப்பை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகாமல், அங்கேயே படம் எடுக்கவேண்டும். கடற்காற்று ஈரத்தில் பழைய தாள் நொறுங்கும். இடாப்பின் முதுகை வளைத்துத் திறக்கக்கூடாது. யன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். ஒருவர் பக்கத்தைப் பிடிக்க, ஒருவர் தொலைபேசியை நேர் மேலே வைத்து எடுக்கவேண்டும். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சிறு கொடுப்பனவு கொடுத்தால் நல்லாகச் செய்வார்கள். மழை தொடங்கமுன் செய்யுங்கள், கார்த்திகை மார்கழியில் தாள் ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

கோப்பில் ஒவ்வொருவருக்கும் அடையாளம் சேர்விலக்கம்தான், பெயர் அல்ல. பெயரை நம்பினால் என்ன நடக்கும் தெரியுமா? "க. சிவகுமார்" ஒரே பத்தாண்டில் நாலு பேர் இருப்பார்கள். பெண்பிள்ளைகள் கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிவிடுவார்கள். வெளிநாட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் முன்னுக்குப் போயிருக்கும். ஆகவே இடாப்புப் பெயர், இப்போதைய பெயர் என்று இரண்டு நிரல் வையுங்கள். மற்ற நிரல்கள்: பிறந்த ஆண்டு, சேர்ந்த வகுப்பும் ஆண்டும், விலகிய ஆண்டு, இல்லம், இப்போதைய நாடு, தொலைபேசி, தகவலைப் பகிரச் சம்மதமா இல்லையா, கடைசியாகச் சரிபார்த்த மாதம். கடைசி இரண்டையும் விடவேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, எங்கள் ஊர் ஆட்கள் சிலர் தங்கள் இருப்பிடம் வெளியே தெரிய விரும்பமாட்டார்கள், அதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு.

ஆண்டுக்குழுவை எதை வைத்துப் பிரிப்பது என்பதுதான் பெரிய விசயம். எல்லோரும் "2003 உயர்தரம்" என்று பிரிப்பார்கள். திருகோணமலையில் அது சரிவராது. 83, 85, 87, 90 என்று ஒவ்வொரு இடப்பெயர்விலும் பிள்ளைகள் பாதியில் விட்டுப் போனார்கள். எட்டாம் வகுப்பில் யாழ்ப்பாணம் போனவர், பத்தாம் வகுப்பில் படகேறி இந்தியா போனவர், சாதாரண தரத்தோடு வேலைக்குப் போனவர், இவர்கள் எவருக்கும் உயர்தர ஆண்டு கிடையாது. உயர்தரத்தை வைத்தால் அவர்களைச் சங்கத்தை விட்டே தள்ளுகிறோம். ஆறாம் வகுப்பில் இருந்திருக்கவேண்டிய ஆண்டை வையுங்கள், பிறந்த ஆண்டிலிருந்து அதைக் கணக்கிடலாம். ஒரு தவணை படித்தவரும் பழைய மாணவர்தான் என்று யாப்பில் எழுதுங்கள். இப்படிச் சேருகிறவர்கள்தான் பிறகு மிக அக்கறையாக நிற்பார்கள், ஏனென்றால் அவர்களை அதுவரை ஒருவரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

ஒன்றுகூடலுக்கு நாள் குறிப்பது. கனடா, லண்டன் ஆட்கள் யூலை ஓகஸ்டில் வருவார்கள். சிட்னி ஆட்களுக்கு மார்கழி தையில்தான் விடுமுறை, அப்போது இங்கே மழை, மைதானத்தில் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே பெரிய ஒன்றுகூடல் ஓகஸ்டில், மார்கழியில் மண்டபத்துக்குள் ஒரு சிறு சந்திப்பு. ஓகஸ்டில் வெருகல் திருவிழாவுக்கும் நல்லூருக்கும் திகதி பார்த்துக்கொள்ளுங்கள். மாசியில் சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம், பங்குனியில் கோணேசர் கோயிலிலும் காளிகோயிலிலும் திருவிழா. அந்த நாட்களில் கூட்டம் வைத்தால் உபயகாரர் ஒருவரும் வரமாட்டார்கள். அதே நேரம் நகர்வலம் பாடசாலை வாசலைக் கடக்கிறதென்றால் அங்கே பழைய மாணவர் தண்ணீர்ப் பந்தல் போடலாம். வெள்ளி மத்தியானம் வேண்டாம், முஸ்லிம் பழைய மாணவர் ஜும்ஆவுக்குப் போகவேண்டும். நோன்பு மாதத்தில் பகல் விருந்து வேண்டாம். சாப்பாடு மரக்கறி, தனிப் பாத்திரம். அப்படியென்றால் எவரும் கேள்வி கேட்காமல் இருந்து சாப்பிடலாம். 200 பேருக்கு 25 கிலோ சம்பா அரிசி, மூன்று கறி, ஒரு பருப்பு, பாயசம். வாழையிலை கொஞ்சம் கூட எடுங்கள், கிழிந்தது எப்படியும் இருக்கும்.

இன்னொன்று. உதவி பெறும் பிள்ளையை மேடைக்கு ஏற்றிப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதை நிறுத்துங்கள். அது எனக்குத் தாங்காத விசயம். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கும் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.


வடக்குயோர்க் எழுதியது:

ரீச்சர் கடைசியாகச் சொன்னதற்கு யூதர்களிடம் முழு ஏற்பாடே இருக்கிறது, நான் அதை விட்டுவிட்டேன். 12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். உச்சத்தில், ஒருவரைத் தன் காலில் நிற்க வைப்பது: வேலை, கடன், கூட்டுத்தொழில். அதற்கு அடுத்தது, கொடுப்பவருக்குப் பெறுபவரைத் தெரியாமலும் பெறுபவருக்குக் கொடுப்பவரைத் தெரியாமலும் கொடுப்பது. இந்தப் பாடசாலைகளில் கட்டணச் சலுகை விண்ணப்பத்தைப் பார்ப்பவர் மிகச் சிலர். யார் முழுக்கட்டணம், யார் பாதி என்பது ஆசிரியருக்கும் தெரியாது.

உங்களிடம் செய்வதென்றால்: அதிபரும் ஓர் ஆசிரியரும் பிள்ளைகளைத் தெரிந்து ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கட்டும். சங்கத்துக்கு இலக்கமும் தேவையும் மட்டும் வரட்டும்: "7, பத்தாம் வகுப்பு, பேருந்துப் பருவச்சீட்டு", "12, உயர்தர உயிரியல், மேலதிக வகுப்புக் கட்டணம்". காசைப் பிள்ளையின் கையில் கொடாமல் புத்தகக் கடைக்கும் வகுப்பு நடத்துபவருக்கும் சங்கமே கட்டவேண்டும். கணக்காய்வாளர் மட்டும் அதிபரிடம் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்ப்பார். கொடுத்தவருக்கு வருச முடிவில் போவது படமல்ல, "உங்கள் காசில் மூன்று பிள்ளைகள் வருசம் முழுக்கப் பேருந்தில் வந்தார்கள்" என்ற ஒரு வரி.


ஐந்தொகை எழுதியது:

காசு விசயம். கோட்டைவாசல் கேட்ட நிரந்தர நிதியில் எங்கள் சங்கங்கள் வழமையாக விடும் பிழை, வட்டி முழுவதையும் செலவழிப்பது.

கணக்குப் பாருங்கள். 30 இலட்சம் நிலையான வைப்பு, 8 வீதம் வட்டி என்று வைத்தால் வருசம் 2,40,000. பணவீக்கம் 5 வீதம் (மத்திய வங்கியின் இலக்கு அதுதான்) என்றால், நிதி அதே பெறுமதியில் நிற்க 1,50,000 ஐத் திரும்ப முதலோடு சேர்க்கவேண்டும். மிஞ்சுவது 90,000. அதிலும் வங்கி பிடிக்கும் வரி கழியும். 30 இலட்சத்தின் உண்மையான வருமானம் இவ்வளவுதான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதமானது. அதற்கு முன் "இது சாகும்வரை போதும்" என்று வைத்த பரிசு நிதிகள் பலவற்றின் வட்டியில் இன்று ஒரு வெற்றிக்கிண்ணம்கூட வாங்க இயலாது. வட அமெரிக்கப் பாடசாலைகள் நிதியின் கடந்த சில வருசச் சராசரிப் பெறுமதியில் 4 அல்லது 5 வீதம்தான் எடுப்பார்கள். ரூபாய் நிதிக்கு நான் 3 வீதத்துக்கு மேல் எழுதமாட்டேன்.

ஆகவே முதல் மூன்று வருசம் நிரந்தர நிதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாதச் சிறு தொகைகளையும் உபயத்தையும் ஒழுங்காக்குங்கள். அது நின்ற பிறகு மிகுதியைக் கொண்டு நிதி கட்டலாம்.

பொருளாக வருபவை. கணினி, ஒளியெறிகருவி, குளிரூட்டி எதுவானாலும் கையளிக்கும் நாளிலேயே பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏற்றி, பக்க இலக்கத்தைச் சங்கக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழுதானதும் அது யாருடையது என்ற கேள்வி வரும், திருத்தவும் இயலாது கழிக்கவும் இயலாது. திருகோணமலையில் உப்புக்காற்று குளிரூட்டியின் வெளிப்பகுதியையும் கூரைத் தகட்டின் ஆணிகளையும் சீக்கிரம் தின்னும். வாங்கிய விலையில் வருசத்துக்கு 10 வீதம் பராமரிப்புக்கு ஒதுக்கமுடியாத பொருளை ஏற்கவேண்டாம். அதை மறுக்கும் அதிகாரத்தை யாப்பில் நிர்வாகக்குழுவுக்குக் கொடுங்கள்.

கட்டடம் என்றால் காசு சேர்க்கமுன் அனுமதி. மாகாணப் பாடசாலையானால் வலயக் கல்விப் பணிமனை வழியாக, தேசிய பாடசாலையானால் கல்வி அமைச்சு வழியாக. வரைபடமும் தொழில்நுட்ப அலுவலரின் மதிப்பீடும் கையில் இல்லாமல் வெளிநாட்டில் தொகை அறிவித்தால், அனுமதி வரும்போது சீமெந்து விலை மாறியிருக்கும், கட்டடம் பாதியில் நிற்கும்.

சங்கக் கணக்கையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கையும் ஒருநாளும் கலக்கவேண்டாம். சங்கக் காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர், அதில் பொருளாளர் கட்டாயம். பொருளாளர் ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது. எத்தனை நல்லவரானாலும் இது அவருக்கும் பாதுகாப்பு.


ஹரோவாசி எழுதியது:

கிளைகள் பற்றி. ஒன்றாக்குவது என்றால் கணக்கை ஒன்றாக்குவது அல்ல, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. தேவைப்பட்டியலை ஒன்றாக்குங்கள். ஊர்ச் சங்கம் தை மாதத்தில் பத்துத் தேவைகளை, மதிப்பீட்டுடன், முன்னுரிமை வரிசையில் வெளியிடட்டும். ஒவ்வொரு கிளையும் அதிலிருந்து எடுக்கட்டும், எடுத்ததை மற்றவை தொடவேண்டாம். பட்டியலுக்கு வெளியே ஒரு கிளை தன்பாட்டில் அதிபரோடு பேசி எதையும் செய்யக்கூடாது. இந்த ஒரு விதி இல்லாமல்தான் ஒரே பாடசாலைக்கு மூன்று தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் போகிறது.

பிரித்தானியாவில்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் அறக்கட்டளையாகப் பதியவேண்டும். வரி கட்டும் ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் வரித் திணைக்களத்திடம் 25 பென்ஸ் மேலதிகமாகக் கேட்டுப் பெறலாம். அதற்குக் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும், பதிவுகளை ஆறு வருசம் வைத்திருக்கவேண்டும். இராப்போசன விருந்துச் சீட்டு, சீட்டிழுப்பு இவற்றுக்கு இது பொருந்தாது, ஏனென்றால் கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றைப் பெறுகிறார். எங்கள் கிளைகள் அநேகமாக விருந்தில்தான் காசு சேர்க்கின்றன, அதனால் இந்த 25 வீதம் கைவிட்டுப் போகிறது. சீட்டைச் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் வைத்து, நன்கொடையைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள்.

கனடாவில் பதிவுபெற்ற அறக்கட்டளை மட்டுமே வரிப் பற்றுச்சீட்டு கொடுக்கலாம். இலாப நோக்கமற்ற சங்கம் என்று மட்டும் பதிந்திருந்தால் கொடுக்கக்கூடாது. அறக்கட்டளையும் சும்மா இலங்கைக்கு அனுப்பிவிட முடியாது, காசு எதற்குப் போனது என்பதற்குப் பொறுப்பும் பதிவும் காட்டவேண்டும். 2022 இல் விதி கொஞ்சம் இலகுவானது, ஆனாலும் எழுத்து ஒப்பந்தம், கட்டம் கட்டமான அறிக்கை, பற்றுச்சீட்டுப் பிரதி இவை வேண்டும். இவற்றை அனுப்புவது ஊர்ச் செயலாளரின் வேலை என்று யாப்பில் போடுங்கள், கிளைக்காரரை வருசா வருசம் கெஞ்ச விடவேண்டாம்.

கூட்டு நேரம்: ஞாயிறு திருகோணமலை மாலை 5.30. லண்டனில் கோடையில் மதியம் 1, குளிர்காலத்தில் 12. ரொறன்ரோவில் காலை 8, குளிர்காலத்தில் 7. சிட்னியில் இரவு 10, அவர்களின் கோடையில் 11. இதற்கு அரைமணி முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளினால் ஒரு பக்கம் விழும். ஒரு மணித்தியாலத்தில் முடியுங்கள்.

ரீச்சர் சொன்ன ஆண்டுக்குழு பற்றி இங்கிருந்து ஓர் உதாரணம். லண்டனின் யூத இலவசப் பாடசாலை 1732 இல் தொடங்கியது. 1900 அளவில் 4,000 க்கு மேற்பட்ட பிள்ளைகள். 1939 இல் பிள்ளைகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது, 1958 இல்தான் வேறிடத்தில் திரும்பத் திறந்தது. ஏறத்தாழ இருபது வருசம் அங்கே ஒருவரும் "படித்து முடிக்கவில்லை". முடித்தவரை மட்டும் கணக்கெடுத்தால் 39 இல் பத்து வயதாக இருந்த பிள்ளை எந்தப் பட்டியலிலும் வராது.


கோட்டைவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், ஆறாம் வகுப்பு ஆண்டு என்பது எங்கள் மண்டைக்கு வரவேயில்லை, அப்படியே யாப்பு வரைவில் சேர்க்கிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, "இந்துப் பாடசாலை" என்பதால் மற்றச் சமயப் பழைய மாணவர் நிர்வாகத்துக்கு வருவதை ஒருசிலர் விரும்பவில்லை. மற்றது, முதல் மூன்று மாதத்தில் எதைத் தொடங்குவது?


வடக்குயோர்க் எழுதியது:

முதலாவதுக்கு இந்தியாவைப் பாருங்கள். கல்கத்தாவின் யூதப் பெண்கள் பாடசாலை 1881 இல் தொடங்கியது. மும்பையில் பெனே இஸ்ரவேலர் என்ற உள்ளூர் யூதர்களின் பாடசாலை 1875 இல் தொடங்கி, பிறகு கொடையாளர் சேர் எலி கதூரியின் பெயரைப் பெற்றது. 1948 க்குப் பிறகு இரண்டு ஊர்களிலிருந்தும் யூதர்கள் பெருவாரியாகப் புலம்பெயர்ந்தார்கள். இன்று இரண்டிலும் படிப்பவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் பிள்ளைகள். நிறுவிய சமூகம் ஊரைவிட்டுப் போன பிறகும் பெயரும் கட்டடமும் நிற்பது அந்தப் பிள்ளைகளால்தான். திருகோணமலையிலிருந்தும் பாதிப்பேர் போய்விட்டோம். பாடசாலையின் சமய அடையாளத்தைக் காப்பது ஒரு விசயம், பழைய மாணவர் யார் என்பது வேறு விசயம். முன்னதற்கு பூசை, வாணி விழா, குருபூசை ஒழுங்குக்கு ஒரு தனி உபகுழு வையுங்கள். அங்கத்துவத்துக்கு சேர்விலக்கம் ஒன்றே தகுதி.


மடத்தடி ரீச்சர் எழுதியது:

தம்பி, 1960, 61 ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவிபெறும் பாடசாலைகள் அரசிடம் போனபிறகு அதிபரையோ ஆசிரியரையோ சமயம் பார்த்து நாங்கள் வைப்பதில்லை. பழைய மாணவருக்கு மட்டும் ஏன் பார்க்கவேண்டும்?

மூன்று மாதத்துக்கு இதைச் செய்யுங்கள். முதல் மாதம் அதிபரின் அனுமதிக் கடிதமும் இடாப்புப் படமும். எல்லா இடாப்பும் வேண்டாம், 1965 க்கு முந்தியதை முதலில் எடுங்கள். அந்த ஆட்களுக்கு இப்போது எழுபதை அண்டிய வயது அல்லது அதற்கு மேல், அவர்களிடம்தான் மற்றவர்களின் பெயரும் முகவரியும் இருக்கிறது. இரண்டாம் மாதம் ஆண்டுக்கு இரண்டு பிரதிநிதி, ஒருவர் ஊரில், ஒருவர் வெளியே. ஆள் கிடைக்காத ஆண்டை வெறுமையாகவே விடுங்கள், பக்கத்து ஆண்டுக்காரரின் தலையில் கட்டவேண்டாம். பிரதிநிதிகளுக்கு மட்டும் ஒரு வட்ஸ்அப் குழு, அதில் நிர்வாகம் மட்டும் பதிவிடும்படி பூட்டி வையுங்கள். காலை வணக்கப் படம் வரத் தொடங்கினால் இரண்டு கிழமையில் எல்லோரும் சத்தத்தை நிறுத்தி விடுவார்கள், பிறகு மரண அறிவித்தல்கூடக் கண்ணில் படாது. மூன்றாம் மாதம் உபயத்துக்கு நாள் எழுதத் தொடங்குங்கள். ஓய்வுபெற்று இருக்கும் ஆசிரியர்களின் வீடுகளுக்கு யாராவது நேரே போய்வர வேண்டும். காசு கேட்க அல்ல. அவர்களிடம் பழைய வகுப்புப் படங்கள் இருக்கும், பின்பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும். இரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு, மூலப்படத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.


ஐந்தொகை எழுதியது:

ரீச்சரின் பட்டியலில் ஒன்று சேர்க்கவேண்டும். உபயக் காசு வாங்கத் தொடங்கமுன் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தொடரிலக்கத்தோடு அச்சடியுங்கள், ஒரு புத்தகத்தில் 50 தாள், இரட்டைப் பிரதி. எந்தப் புத்தகம் யார் கையில் என்று பொருளாளர் ஒரு கொப்பியில் கையொப்பம் வாங்கவேண்டும். கிளைகளுக்குத் தனித் தொடர் கொடுங்கள். பாழான தாளைக் கிழித்தெறியாமல் குறுக்கே கோடிட்டு புத்தகத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், கணக்காய்வில் முதலில் தேடுவது அதைத்தான்.